ஒரு வயிற்றுப் பிள்ளைகள்

வேரேய் தீவிலிருந்து இரவுப் படகில்
போடோ வந்திருக்கிறாள் குன்வோர்.
கோட்டுக்குள் தெர்னா.
எடை மேடையில் வைக்கிறேன்:
நான்கு கிலோ எண்ணூறு.
போன மாதம் ஐந்தரை.
வயிறு மட்டும் உப்பியிருக்கிறது.
தட்டினால் தெரிகிறது, தண்ணீர்.

நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், என்கிறாள் குன்வோர்.
தெரியும்.
உள்ளே போவதெல்லாம்
ஓட்டைச் சாக்கில் அள்ளிய மாவாய்
குடல்சுவர் வழியே கசிந்துவிடுகிறது.

வயிற்றில் தொடங்கிய கதைதான் இது.
ஏதோ ஒரு பனிக்காலத்தில்
எங்கள் குப்பைமேட்டோரம் நின்ற ஓநாய்
ஓடவில்லை. மறுநாளும் ஓடவில்லை.
எலும்புக்கு வந்தது, கஞ்சிக்குத் தங்கியது.
மாவைச் செரிக்கும் மரபணு
ஓநாய்க்கு இரண்டு படி.
அதன் பேத்திகளுக்குப் பத்து,
சிலதுக்கு இருபது படி.
எங்கள் பானையின் அளவுக்குத்
தன் வயிற்றைத் திருத்திக்கொண்ட சிநேகிதி.
பதிலுக்கு நாங்கள் எதைத் திருத்தினோம் என்று
குன்வோரிடம் சொல்ல
எனக்கு நாக்கு எழவில்லை.

தேவையே இல்லை, இருந்தும்
பாதத்தை விரித்துப் பார்க்கிறேன்.
ஆறு விரல்.
ஈரப்பாறையில் பற்றி ஏற ஆறு.
மண் புகாமல் மடித்து மூடும் காது.
பக்கவாட்டில் அகல விரியும் முன்கால்கள்.
பஃபின் பறவையின் வளைக்குள் நுழைந்து
உயிரோடு கவ்வி வர
நாங்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த உடம்பு.
அந்தக் காலத்தில் ஒரு நாய்க்கு
ஒரு பசு விலை, என்பாள் குன்வோர்.

பிறகு வலை வந்தது.
வலைக்குச் சோறு போட வேண்டியதில்லை.
பிறகு கொள்ளைநோய்.
மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணலாம் என்போமே,
அதற்கு இந்த நாயின்
ஒற்றைப் பாதம் போதுமாயிருந்தது.

அந்தக் கைப்பிடியிலிருந்து இன்றைக்கு
ஆயிரத்துச் சொச்சம்.
எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.
அண்ணனே அப்பன், மகளே நாத்தனார்,
முறைசொல்லிக் கூப்பிட முடியாத குடும்பம்.
இரண்டின் மரபணுவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
நகலெடுத்தவன் களைத்துப்போய்ப்
பெயரை மட்டும் மாற்றி வைத்தது போலிருக்கும்.
தூய ரத்தம், என்கிறது தெர்னாவின் சான்றிதழ்.
அதே ரத்தத்தில் புரதம்
பாதிகூட இல்லை, என்கிறது என் கருவி.
இரண்டு தாளும் ஒரே மேசையில்.

பதினோரு வருடம் சங்கக் கூட்டங்களில்
கலப்புக்கு எதிராகக் கையுயர்த்தியவள் குன்வோர்.
ஆறாம் விரல் போனால் அது வேற நாய், என்றவள்.
மருந்தை வாங்கிக்கொண்டு கதவுவரை போய்,
கையுறையைப் பார்த்தபடி கேட்கிறாள்:
"அந்த மேய்ப்பு நாயோடு சேர்த்த குட்டி,
உங்களிடம் இருக்கிறதாமே.
அதுக்கு வயிறு எப்படி?"

உருண்டை. எல்லாம் தின்கிறது.
என் செருப்பு உட்பட.

"விரல்?"

முன்னங்கால் ஒன்றில் ஆறு.
மற்றதில் ஐந்தும்,
இன்னொன்று வரலாமா என யோசிக்கும்
ஒரு மொட்டும்.
பின்னங்கால்களைச் சொல்லவில்லை.
அவளும் கேட்கவில்லை.
பஃபினைத் தொட்டால் இப்போது குற்றம்.
பறவைகளே வருடாவருடம் குறைகின்றன.
எந்தப் பாறையில் ஏறப்போகிறது அந்த ஆறாவது
என்று நானும் கேட்கவில்லை.

கோட்டின் பொத்தான் இடைவெளியில்
தெர்னா தலையைப் பின்னுக்கு வளைக்கிறாள்,
இன்னும், இன்னும்,
உச்சந்தலை முதுகில் படும்வரை.
அவள் இனத்தால் மட்டுமே முடிவது.
எங்கள் இருவரையும்
தலைகீழாக ஒருமுறை பார்த்துக்கொள்கிறாள்.

"பார்க்கலாமா அதை?" என்கிறாள் குன்வோர்.
"படகு நாலரைக்குத்தான்."